ஊர் பெயர் படத்தில் ஓடுகிறது. நம் கடை எங்கே?

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. மணமே ஆளை இழுத்து வரும் என்பது அதன் பொருள். ஆனால் இன்று வாடிக்கையாளர் கடைவீதிக்கு வருமுன்பே கைப்பேசியில் சரக்கைப் பார்த்துவிடுகிறார். கைப்பேசியில் மணம் வராது. படம் மட்டுமே வரும். இதை வணிகப் பெருமக்களாகிய நாம் உணர்ந்தாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

நமது ஊரையே எடுத்துக்கொள்வோம். பள்ளிபாளையம் சிக்கன் என்று யூடியூபில் தேடினால் வீடியோக்கள் வரிசை வரிசையாக வருகின்றன. சென்னையில் இருப்பவரும் செய்து காட்டுகிறார், கடல் கடந்து இருப்பவரும் செய்து காட்டுகிறார். அதில் சேருவது என்ன? கோழி, சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு, எண்ணெய். கோழியைத் தவிர மற்றவை பெரும்பாலும் மளிகைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் கிடைப்பவையே. ஊரின் பெயரால் யார் யாரோ படம் காட்டுகிறார்கள். அந்தச் சாமான்களை அன்றாடம் எடை போட்டுக் கொடுக்கும் நாமோ ஒரு படம்கூடப் போடாமல் இருக்கிறோம்.

படம் காட்டி வியாபாரம் செய்வது நமக்குப் புதிதல்ல. கோவில்பட்டி கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, கடைப் பெயரோடு காலண்டராக வீடு வீடாகத் தொங்கின. சினிமா கொட்டகையில் இடைவேளைக்கு ஸ்லைடு போட்டோம். சுவரில் பெயர் எழுதினோம். அதே வேலையை இன்று கைப்பேசி செய்கிறது. அன்று அச்சகத்துக்கும் கொட்டகைக்கும் பணம் கட்டினோம். இன்று செலவு நம் நேரம் மட்டுமே.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக்காரர்கள் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் சேனல் அது. அதில் ஆடம்பர அரங்கம் கிடையாது. வயல்வெளி, பெரிய அண்டா, ஒவ்வொரு சாமானையும் எடுத்துக் காட்டி அதன் பெயரை உரக்கச் சொல்லும் பழக்கம், அவ்வளவுதான். வியாபாரி கண்ணோடு பார்த்தால் இது சரக்கைக் காட்டி விற்கும் நம் பழைய முறையே.

"என்னைத் தெரியாதவர் இந்தத் தெருவில் யார்? எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று சில அன்பர்கள் கேட்கலாம். உங்களைத் தெரிந்தவர் அம்மா. மாதச் சாமான் பட்டியல் போடுவது இப்போது மருமகள். அவர் விசைத்தறிக் கணக்கு முடித்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் பட்டியலைப் பார்க்கிறார். அந்த நேரத்தில் நம் கடை பூட்டியிருக்கும். பெரிய கம்பெனிகளின் ஆப் பூட்டாது. தலைமுறை மாறும்போது வாடிக்கையும் சத்தமில்லாமல் மாறிவிடும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? சிறு கடைக்காரர்களுக்கென்றே 2018-ல் வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. 2019-ல் அதில் கேட்டலாக் என்னும் சரக்குப் பட்டியல் வசதியும் சேர்ந்தது. ஸ்டேட்டஸில் போட்ட படம் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். கேட்டலாக்கில் போட்டது நிற்கும். ஆகவே அன்றைய புதுச் சரக்கை ஸ்டேட்டஸிலும், எப்போதும் இருப்பதைக் கேட்டலாக்கிலும் வைப்பது நல்லது. வாடிக்கையாளர் நம் எண்ணைத் தம் போனில் பதிந்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் அவருக்குத் தெரியும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பில் போடும்போதே, "நம்பரைப் பதிஞ்சுக்குங்க அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

படம் எடுப்பதற்குக் காலை வெயில் போதும்; கடை வாசலில் வைத்து எடுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாப் பருப்பும் ஒரே நிறமாகத் தெரியும். வீடியோ அரை நிமிடம் போதும். முதலிலேயே பொருள், எடை, விலை மூன்றையும் சொல்லிவிட வேண்டும். தராசும் படத்தில் இருக்கட்டும்.

வெறும் படத்தைவிடச் சரக்கின் கதை ஆளை நிறுத்தும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறத்தைக் காட்டுங்கள். அதற்கு மேல் பேச்சே வேண்டாம். வெல்லத்தில்தான் நமக்குப் பெரிய கடமை இருக்கிறது. பளிச்சென்ற மஞ்சள் வெல்லமே நல்லது என்று மக்கள் கண் பழகிவிட்டது. அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் கலப்பது நமக்குத் தெரிந்ததே. கருத்த வெல்லத்தையும் வெளிறிய வெல்லத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் எந்த ஆப்புக்கும் வராது. ஊர்க் கடைக்காரருக்கு வரும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அடுத்தவர் எடுத்த படத்தை எடுத்துப் போடாதீர்கள். முதல் ரகத் துவரம் பருப்பின் படத்தைக் காட்டி இரண்டாம் ரகத்தைக் கட்டிக் கொடுத்தால், அந்தப் படமே நமக்கு எதிரான சாட்சியாகிவிடும். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான எண்ணம் தரும் விளம்பரம் நடவடிக்கைக்கு உரியது. சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். எதிர் வீட்டுக்காரரின் முகத்தில் மறுநாளும் விழிக்க வேண்டியவர்கள் நாம். கடைக்கு வந்தவர்களையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் படம் பிடிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இருபது படம் அனுப்பி அலுப்பூட்டுவதும் தவறு, ஒன்றிரண்டு போதும்.

படம் மட்டுமே வியாபாரத்தைக் காப்பாற்றிவிடும் என்று நாம் சொல்லவில்லை. பெரிய கம்பெனிகள் தரும் தள்ளுபடியை நம்மால் தர முடியாது. ஆனால் அவர்கள் காட்டுவது எங்கோ எடுத்த பாக்கெட்டின் படம். நாம் காட்டக்கூடியது இன்று காலை வந்து இறங்கிய மூட்டை, அதைப் பிரிக்கும் கை, அந்தக் கைக்குரிய முகம். அந்த முகத்தை நம்பித்தான் இத்தனை காலம் கடன் நோட்டு ஓடியது.

எனவே வணிகப் பெருமக்களே, நாளைக் காலை கடை திறந்ததும், கல்லாவுக்கு விளக்கேற்றியபின், வந்த சரக்கில் ஒன்றை வெளிச்சத்தில் வைத்து ஒரே ஒரு படம் எடுங்கள். எடுக்கத் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். அப்படியாவது அவர்கள் கடைப் பக்கம் வரட்டும்.