கீசருக்குள் ஒரு கம்பி!

செப்பு பாய்லர் இருந்த காலத்தில் புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் அள்ளி, அதைக் கண்போல் பார்த்துக்கொண்டோம். இப்போது கீசரைச் சுவரில் மாட்டியதோடு சரி, மறந்துவிடுகிறோம். எங்கள் ஆயக்குடி போல போர் தண்ணீர் புழங்கும் ஊர்களில் இது சரிப்படாது, சகோதரிகளே!

உப்புத் தண்ணீர் சூடானால் சுண்ணாம்பு பிரிந்து காயிலில் ஓடு மாதிரி பிடித்துக்கொள்ளும். கரண்ட் பில் ஏறும், காயிலும் சீக்கிரம் போய்விடும். சேஃப்டி வால்வு அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. குடிநீருக்கே கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்பதுதான் இந்தியத் தர அளவு.

டேங்க்குக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று உண்டு. தான் கரைந்து, டேங்க்கைத் துருப்பிடிக்காமல் காப்பது அதுதான். அது தீர்ந்தால் அடுத்தது டேங்க்தான். கம்பி சில நூறு ரூபாய். புது கீசரோ பல ஆயிரம். கலரையும் கிப்டையும் சொல்லி விற்கிற கடைக்காரர்கள் இதையும் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

'ஆண்கள் சமாச்சாரம்' என்று ஒதுங்காதீர்கள். நாமே கழற்ற வேண்டாம், கரண்ட் விஷயம். வருஷம் ஒரு தடவை மெக்கானிக்கை வரவழைத்து, "கம்பியைக் காட்டுங்க, வால்வைப் பாருங்க, அடியில தங்கின சுண்ணாம்பைக் கழுவி விடுங்க" என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். கேட்டால்தான் செய்வார்கள்!

– ஓர் இல்லத்தரசி, ஆயக்குடி.