பாதிக் கணக்கு

போதைப்பொருள் கடத்தியவன் எழுதிய தன்வரலாற்றைப் படிக்கலாமா என்று வினவினால், நம்மிடையே இரு விடைகள் உடனே எழுகின்றன. "ஹராமான தொழில் செய்தவனின் நூல் நம் வீட்டு வாசற்படி ஏறலாகாது" என்பர் ஒரு சாரார். "சுவையாக எழுதியிருக்கிறானா என்பதொன்றே கேள்வி, இலக்கியத்தில் ஹலால், ஹராம் பேசுவது பத்தாம்பசலித்தனம்" என்பர் மறு சாரார். முன்னவர் நூலைத் திறப்பதே இல்லை. பின்னவர் திறந்தும் பாதியையே பார்க்கின்றனர். இவ்விரு கட்சியோடும் நமக்கு உடன்பாடில்லை.

பொதுப்படப் பேசாமல் ஒரு நூலையே எடுத்துக்கொள்வோம். ஆன்றி தெ மொன்ஃபிரேத் என்னும் பிரெஞ்சுக்காரர் 1879இல் பிறந்தவர். ஓவியர் ஒருவரின் மகன். 1911இல் ஜிபூட்டிக்குச் சென்று தோலும் காப்பிக்கொட்டையும் வாணிகம் செய்தார். பின்னர்ச் சொந்தமாகப் பாய்க்கப்பல் கொண்டு செங்கடலில் முத்தும், துப்பாக்கியும், ஹஷீஷும் ஏற்றினார். அந்த ஹஷீஷ் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1933இல் பிரெஞ்சிலும், 1935இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அவர் 1974இல் மறைந்தார், நூல் மறையவில்லை.

இந்த நூலை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மொன்ஃபிரேத் இஸ்லாத்தைத் தழுவி 'அப்துல் ஹய்' என்னும் பெயர் பூண்டவர். ஆகவே, 'நம்மவர் ஒருவர் வெள்ளையர் சுங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவினார்' என்று உள்ளூர மகிழவும் நம்மில் சிலருக்குத் தோன்றும். அவருடைய ஈமானை எடைபோடுவது நம் வேலையன்று. உள்ளங்களை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால், அவர் ஏற்றிய சரக்கை எடைபோட நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

நூலின் சிறப்பை மறைப்பது நேர்மையன்று. காற்றின் போக்கும், பவளப்பாறைகளின் இடுக்கில் கப்பலைச் செலுத்தும் நுட்பமும் அதில் உயிரோடு விளங்குகின்றன. தம்மோடு கடலோடிய சோமாலிய, தனாகில் மாலுமிகளை அவர் அருகிருந்து அறிந்தவர். கடலும் முத்தும் தம் முன்னோரின் வாழ்வாயிருந்த மரக்காயர் குடும்பங்களில் அப்பக்கங்களைப் படிப்போர்க்கு நெஞ்சம் நெகிழவும் கூடும். இவையெல்லாம் கணக்கேட்டின் வரவுப் பக்கம்.

செலவுப் பக்கம் எங்கே? தொழிலில் இறங்கியபோது ஹஷீஷைப் பற்றித் தமக்குத் தெரிந்தவை இரண்டே என்கிறார் ஆசிரியர்: அது விளைவது கிரீசில், நல்ல விலைக்குப் போவது எகிப்தில். கிரீசில் வாங்கினார், ஜிபூட்டிக்கு வரவழைத்தார், செங்கடல் வழியே சூயஸை நோக்கிக் கொண்டுசென்றார். சரக்கு கரைசேருமா, காவலர் கையில் அகப்படுமா என்பதே நம் மூச்சைப் பிடித்துவைக்கிறது. கரைசேர்ந்ததும் நாமும் பெருமூச்சு விடுகிறோம். அந்தப் பெருமூச்சில்தான் நாம் ஏமாறுகிறோம்! அதனைப் புகைத்தவனின் மனைவி அன்றிரவு எதைக் கொண்டு அடுப்பை மூட்டினாள் என்பது அந்நூலுக்குப் பொருளாகவே இல்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை விட்ட ஏட்டை நம் கடைகளில் எந்த முதலாளியாவது ஒப்புக்கொள்வாரா?

'ஏகாதிபத்தியச் சட்டத்தை மீறியது வீரமன்றோ?' என்று சிலர் வாதிடுவர். வரலாறு அறியாத வாதம் இது. எகிப்து ஹஷீஷ் இறக்குமதியைத் தடை செய்தது 1879இல். ஆங்கிலப் படை அந்நாட்டைக் கைப்பற்றியது 1882இல். ஆக, மொன்ஃபிரேத் பிறந்த ஆண்டிலேயே, ஆங்கிலேயர் வருமுன்பே, அத்தடை பிறந்துவிட்டது. மேலும், 1924-25இல் ஜெனீவாவில் கூடிய அபின் மாநாட்டில், ஹஷீஷையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் எந்த வெள்ளைக்காரரும் அல்லர்; எகிப்தின் பிரதிநிதி முஹம்மது எல் கிந்தி. தம் மக்கள் அழிவதைக் கண்டு உலகத்தின் முன் முறையிட்ட அந்த முஸ்லிமின் பெயரை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்? கடத்தியவரின் பெயரோ அட்டையில் பெரிதாக அச்சாகிறது!

அதே பத்தாண்டில் எகிப்தில் ஹெராயினும் பரவியது. ஒன்றரைக் கோடிக்கும் குறைவான மக்களில் ஐந்து லட்சம் பேர் போதைக்கு அடிமையாயினர் என்று கெய்ரோ காவல்துறைத் தலைவர் ரஸ்ஸல் பாஷா மதிப்பிட்டார். அந்தக் கேட்டை ஹஷீஷ் ஏற்றியவரின் தலையில் சுமத்துவது நீதியன்று. நாம் சுமத்தவும் இல்லை. 'நல்ல விலைக்குப் போகும் நாடு' என்று வணிகன் இரண்டே சொற்களில் கடந்துபோன மண்ணில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதை நினைவூட்டவே இதனைச் சொன்னோம்.

மதுவின் தொடர்பால் சாபத்துக்குரியோர் எனப் பத்துப் பேரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். அருந்துபவன் மட்டுமல்லன், பிழிபவன், விற்பவன், விலையை உண்பவன் ஆகியோரோடு சுமந்து செல்பவனும் அதில் அடக்கம். ஹஷீஷும் மதுவைப் போன்றே விலக்கப்பட்டது என்று இமாம் இப்னு தைமிய்யா தீர்ப்பளித்தார். இமாம் ஸர்கஷீ அதற்கெனத் தனி நூலே இயற்றினார். 'நான் உண்ணவில்லை, ஏற்றிச் சென்றேன், அவ்வளவே' என்று சொல்லித் தப்ப நம் மார்க்கத்தில் வழியில்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அது கணக்கில் வைக்கிறது. கடத்தல் நூலோ தன் கண்ணியை மட்டும் துலக்கிப் பொன்னாக்கிக் காட்டுகிறது.

அப்படியானால் குற்றம் புரிந்தவன் தன் கதையைச் சொல்லவே கூடாதா? சொல்லலாம். புளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்கள் அபீவர்துக்கும் ஸரக்ஸுக்கும் இடையே வழிப்பறி செய்தவர். ஒரு திருவசனம் காதில் விழுந்ததும் அவர் உள்ளம் உடைந்தது. தாம் கொள்ளையிட்டவர்களைத் தேடிச் சென்று பொருத்தம் வேண்டினார் என்று சரிதைகள் கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நாம் அவர் கதையைச் சொல்லி வருவது கொள்ளையின் சுவைக்காகவா? இழந்தவர்களின் முகங்களும் அக்கதையில் இருப்பதால் அன்றோ! தவ்பாவின் கதைக்கும் சாகசத்தின் கதைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

முடிவாக நம் கருத்து இது. மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டெனினும் அவற்றின் பாவமே பெரிது என்கிறது திருமறை. பயனை மறைக்காமலே தீமையை நிறுத்துக் காட்டும் அந்த நேர்மையைத்தான் நாம் வாசிப்பிலும் கைக்கொள்ள வேண்டும். எனவே, முதிர்ந்த வாசகர் இந்நூலைப் படிக்கட்டும். வீரகாவியமாக அன்று, குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் வாக்குமூலமாக. பக்கத்துக்குப் பக்கம் ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: 'இந்தச் சரக்கு யார் வீட்டுக்குப் போயிற்று?' அக்கேள்வியைக் கேட்கப் பழகாத இளவல் கையில் இதனைத் தனியே கொடுக்க வேண்டாம். கொடுத்தால் தந்தையும் உடனமர்ந்து படிக்கட்டும். கடத்தல்காரனைக் கதாநாயகனாக்கும் காட்சிகள் கைப்பேசி வழியே வீட்டுக்குள் நுழைந்துவிட்ட காலத்தில், வாசற்படியில் தடை விதிப்பதால் மட்டும் பயனில்லை. விட்டுப்போன செலவுப் பக்கத்தை எழுதத் தெரிந்த பிள்ளைகளை வளர்ப்பதே காவல்.