கப்பல் போன திசை

2013இல் வந்த ‘ஃப்ரோஸன்’ படத்தை 2019இல் வந்த இரண்டாம் பாகம் பொய்யாக்கிவிட்டது என்று ரசிகர்கள் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். நாயகி எல்சாவின் பெற்றோர் ஒரு கல்யாணத்துக்குக் கப்பலேறியவர்களாம். அவர்களை மாய நதியைத் தேடிப் போனவர்களாக மாற்றியது மோசடியாம்.

முதல் படத்தை மறுபடி பாருங்கள். பெற்றோர் கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்ற பேச்சே அதில் இல்லை. இரண்டு வாரத்தில் திரும்புவார்கள் என்று தெரிகிறது. போகத்தான் வேண்டுமா என்று எல்சா கேட்கிறாள். புயலில் கப்பல் மூழ்குகிறது. அவ்வளவுதான். வேறொரு படத்தின் நாயகியான ரப்புன்ஸலின் கல்யாணத்துக்கு அவர்கள் போனார்கள் என்பது ரசிகர்கள் கட்டிய கதை. நாமே ஊகித்ததைப் படத்தின் வாக்காக்கி, பிறகு வாக்குத் தவறியது என்று வழக்காடுவது என்ன நியாயம்? தென்கடலில் மூழ்கியதாக நினைத்த கப்பல் வடக்கே எப்படி வந்தது என்ற கேள்வியையும் இரண்டாம் பாகமே எழுப்பி, பதிலும் சொல்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆவிகளோடு இணங்கி வாழும் வனமக்களிடையே பிறந்த எல்சாவின் தாய் இடுனா, தன் மகள் பனி சக்தியை மறைக்கக் கையுறை மாட்டி அறைக்குள் முடங்கியபோது ஏன் பேசாமல் இருந்தாள்? முதல் படத்தில் அவளுக்கு வசனமே அபூர்வம். இரண்டாம் பாகமும் இந்தக் கேள்விக்கு முழுதாக விடை தரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிறப்பை மறைத்தே வாழ்ந்த அந்தத் தாய், கடைசியில் மகளுடைய சக்தியின் மூலத்தைத் தேடிக் கடலில் இறங்கினாள் என்பது முன்கதையை உடைக்கவில்லை. மகளை அடைத்து வைத்ததோடு நின்றுவிட்ட பெற்றோர் என்ற பழியை அது துடைக்கிறது. இரண்டு படங்களையும் இயக்கியவர்கள் கிறிஸ் பக்கும் ஜெனிஃபர் லீயும்தான். குற்றம் சாட்டுமுன் அவர்கள் எடுத்ததைப் பாருங்கள், நாம் கற்பனை செய்ததை அல்ல.