கம்ப்யூட்டர் சிவப்புக் குறி காட்டினால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள்



நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. டீச்சர் டிரெய்னிங் முடித்து வேலைக்கு வந்தவள். கடைசிப் பத்து வருஷம் பள்ளிக் கணினி அறைப் பொறுப்பு என் தலையில் விழுந்ததால் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். பழுது பார்க்கும் மென்பொருள் ஏதாவது எச்சரிக்கை காட்டியதும் "மெஷின் போச்சு" என்று நீங்களே முடிவு கட்டுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் நம் மலையில் மரம் விழுந்து கரண்ட் போவது புதிதா? டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், விண்டோஸில் உள்ள ஈவென்ட் வியூவரில் 'கர்னல் பவர் 41' என்று சிவப்பில் பதிவாகும். பக்கத்தில் 'கிரிட்டிக்கல்' என்ற பயங்கரமான வார்த்தை வேறு. முறையாக ஷட் டவுன் ஆகாமல் திரும்ப ஆன் ஆனது என்பதுதான் அதன் அர்த்தம். கரண்ட் போகாத நாளிலும் அடிக்கடி வந்தால் மட்டும் பவர் சப்ளையைப் பாருங்கள். 'டிகாம் 10016' என்ற பதிவையோ கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது.

இந்தப் பட்டியலைத்தான் போனில் பேசும் மோசடிக்காரர்கள் திறந்து காட்டச் சொல்கிறார்கள். நல்ல கம்ப்யூட்டரிலும் அதில் பத்து இருபது சிவப்புக் குறி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 'ஆபரேஷன் சக்ரா 2' என்று பல மாநிலங்களில் சோதனை போட்டதில், மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த புகாரில் சிக்கிய போலி சப்போர்ட் கால் சென்டர்களும் உண்டு.

பெரிய கடை என்றால் நம்பலாமா? அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ கடைகளில் 'பி.சி. ஹெல்த் செக்' என்று ஒரு பரிசோதனை இருந்தது. தொடங்கும் முன் நான்கு கேள்வி: மெதுவாக ஓடுகிறதா, தானாக நின்றுபோகிறதா என்பது போல. ஒன்றுக்கு 'ஆம்' என்று டிக் செய்தால் போதும், ஸ்கேன் எதைக் கண்டாலும் கோளாறு அறிகுறி இருப்பதாகவே முடிவு வரும். பரீட்சைக்கு முன்பே மார்க் போட்ட கதை! 2019இல் அந்தக் கடையும் மென்பொருள் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன.

போன மாதம் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு பழைய மாணவர், "டீச்சர், ஹார்ட் டிஸ்க் மாற்றணுமாம். பாப்பா காலேஜ் பீஸுக்கு வைத்த பணம்தான் இருக்கு" என்று போட்டோ அனுப்பினார். அதில் 199ஆம் எண்ணுக்கு மட்டும் மஞ்சள் குறி. 5, 197 இரண்டிலும் பூஜ்யம். 199 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த எண்ணிக்கை. பெரும்பாலும் கேபிள்தான் காரணம். முதலில் போட்டோ, சர்டிபிகேட் எல்லாவற்றையும் பென் டிரைவில் காப்பி எடுக்கச் சொன்னேன். பிறகு கேபிளை மாற்றச் சொன்னேன். அந்த எண் குறையாது, பழைய கணக்கு அப்படியே நிற்கும். மேலே ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. இதுவரை ஏறவில்லை. பீஸும் கட்டியாகிவிட்டது.

இன்னொருவர் வெப்பம் 127 டிகிரி என்று பயந்தார். ஊட்டியில் தண்ணீரே ஏறக்குறைய 93இல் கொதித்துவிடுகிறது! மதர்போர்டில் சென்சார் இணைக்காத இடத்தைப் படித்தால் இப்படி அசையாத ஓர் எண் வரும். எட்டு பிட்டில் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127. கணக்கு ஞாபகம் இருக்கிறவர்களுக்குப் புரியும். நிஜமாகவே அந்தச் சூடு வந்தால் பிராசசர் அதற்கு முன்பே தன்னை அணைத்துக்கொள்ளும்.

ஆனால் 5 அல்லது 197 நாளுக்கு நாள் ஏறினால், டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால், அது நிஜ எச்சரிக்கை. அன்றைக்கே காப்பி எடுங்கள், என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் வெட்கப்படாமல் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள்.

எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் முழுத் திரையும் தெரிகிற மாதிரி எடுங்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டு இன்னொரு படமும் வேண்டும்.