நான்கு உயிர்களும் வட்டிக் கணக்கும்

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள். நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி, அவர் மனைவி, இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் தீக்கு இரையாயினர். நால்வருமே மாண்டனர். அந்தக் காட்சி கைபேசிகளில் நாடெங்கும் ஓடியது. பார்த்தவர் பதறினர், பெற்றவரைப் பழித்தவரும் உண்டு.

குழந்தைகளின் சாவை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வழக்கின் வேரைத் தேடுங்கள். வாங்கிய கடன் 1,45,000 ரூபாய். கட்டியது 2,34,000 ரூபாய் என அன்றே செய்தி வந்தது. அப்போதும் கடன் தீரவில்லையாம்! கலெக்டரிடம் மனுமேல் மனு கொடுத்தும் பலனில்லை.

கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது 2003ல். மீறினால் 3 ஆண்டு வரை சிறை. 14 ஆண்டுகள் அந்தச் சட்டம் யாருக்காகத் தூங்கியது? இக்கொடுமையைக் கேலிச்சித்திரமாகத் தீட்டிய ஓவியரையோ சர்க்கார் இரண்டே வாரத்தில் கைது செய்தது!

ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே! சாவு போராட்டமல்ல. வட்டிக்காரன் மிரட்டினால் தனியே தவிக்காதீர்கள், சங்கத்திற்கு வாருங்கள். நூறு பேராய்ச் சென்று மனுக் கொடுப்போம். நடவடிக்கை எடுக்கும் வரை விடமாட்டோம்.