மசாஜ் சென்டர்ல "பத்து சிட்டிங் பேக்கேஜ்" எடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

தினமும் ஒன்பது மணி நேரம் லேப்டாப் முன்னாடி உட்கார்றவங்களுக்கு கழுத்து வலி, இடுப்பு வலி சாதாரணமாயிடுச்சு. வலி தாங்காம மசாஜுக்குப் போறோம். ஒரு மணி நேரம் சுகமா இருக்கு. வெளியே வரும்போது ரிசப்ஷன்ல ஒரு அட்டையை நீட்டறாங்க: "பத்து சிட்டிங் எடுத்தாத்தான் சார் முழு ரிசல்ட், இன்னைக்கே எடுத்தா டிஸ்கவுன்ட், இஎம்ஐ கூட இருக்கு."

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மசாஜுக்குச் செலவு பண்றது தப்பே இல்லை. ஆனா மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி பேக்கேஜ் எடுக்கறதும், ஓய்வுக்கான செலவை "சிகிச்சை"ன்னு நினைச்சு பண்றதும் தப்பு.

நீங்க வாங்கறது சிகிச்சையா, ஓய்வா?

இதுக்கு பில்லே பாதி பதில் சொல்லும். பதிவு பெற்ற மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், கிளினிக் மாதிரி இடங்கள் நோய்க்காகக் கொடுக்கற சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது. சித்தா, ஆயுர்வேதம், இயற்கை மருத்துவம் எல்லாமே இந்த விலக்குக்குள்ள வரும். ஸ்பா, வெல்னஸ் சென்டர் மசாஜ் அப்படி இல்லை. அது அழகு மற்றும் உடல் நலச் சேவை. 2025 செப்டம்பர் 22-லிருந்து அதுக்கு ஜிஎஸ்டி 18%-லிருந்து 5% ஆகியிருக்கு. இன்னமும் 18% போட்டு பில் கொடுத்தா ஏன்னு கேளுங்க.

ஆக, போர்டுல "தெரபி"ன்னு எழுதியிருந்தும் பில்லுல ஜிஎஸ்டி இருந்தா, அந்த நிறுவனமே தன்னோட சேவையைச் சிகிச்சையாக் கணக்கு காட்டலைன்னு அர்த்தம். ஆனா ஜிஎஸ்டி இல்லைன்னா உடனே சிகிச்சைன்னு நம்பிடவும் வேணாம். வருஷத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழ வியாபாரம் பண்ற சின்ன சென்டர் ஜிஎஸ்டி பதிவே பண்ணியிருக்காது. அதனால தெரபிஸ்டோட படிப்பு என்ன, பதிவு என்னன்னு தனியா கேட்டுத்தான் ஆகணும்.

இன்ஷூரன்ஸ்ல வாங்கிக்கலாமா?

நிறைய பேர் இங்கதான் ஏமாறறாங்க. ஆயுஷ் சிகிச்சைக்கு ஹெல்த் பாலிசியில கவர் இருக்குங்கறது உண்மை. ஆனா பொதுவா அது ஆயுஷ் மருத்துவமனையில அட்மிட் ஆகி எடுக்கற சிகிச்சைக்குத்தான். ஸ்பா, நேச்சர் கியூர் கிளினிக் மாதிரி இடங்கள்ல எடுக்கற சிகிச்சையை, ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்குப் பட்டியல்லயே சேர்த்திருக்காங்க. பாலிசி பத்திரத்துல "எக்ஸ்க்ளூஷன் 13"ன்னு தேடிப் பாருங்க.

வரியிலயும் லாபம் இல்லை. பழைய வரிமுறையில 80டி-ன்னு நாம பழகின கழிவுக்குள்ள வர்ற 5,000 ரூபாய், முன்னெச்சரிக்கை ஹெல்த் செக்கப்புக்கு மட்டும்தான். மசாஜ் பில் அதுல வராது. புதிய வரிமுறையில இருக்கறவங்களுக்கு அந்தக் கழிவே இல்லை. மொத்தச் செலவும் உங்க கைக்காசு.

பேக்கேஜ் கணக்கு

ஒரு உதாரணம் பாப்போம். ஒரு சிட்டிங் 2,500 ரூபாய். பத்து சிட்டிங் பேக்கேஜ் 20,000. பார்க்க 20% மிச்சம். ஆனா எட்டு சிட்டிங் போனாத்தான் போட்ட காசு சமமாகும். ரிலீஸ் வேலை, ஊர்ல கல்யாணம், ட்ராஃபிக்னு அஞ்சோட நின்னுட்டீங்கன்னா ஒரு சிட்டிங் 4,000 ரூபாய் ஆயிடுது. தனித்தனியா போயிருந்தா 12,500-ல முடிஞ்சிருக்கும். 7,500 ரூபாய் நஷ்டம்! அது இஎம்ஐ-ல வாங்கினதுன்னா, போகாத சிட்டிங்குக்கும் சேர்த்து தவணை கட்டிட்டிருப்பீங்க. நடுவுல சென்டரையே மூடிட்டா, மிச்சப் பணத்துக்கு நீங்கதான் அலையணும்.

"தொடர்ந்து போனாத்தானே குணமாகும்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல வெளியிட்ட வழிகாட்டியில மசாஜும் இருக்கு. ஆனா அது தனியா இல்லை. உடற்பயிற்சி, வலியைப் பத்தின புரிதல் இதெல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்புல ஒரு பகுதி. பத்து சிட்டிங் படுத்துட்டு வந்து, பழையபடி அதே நாற்காலியில ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தா வலி திரும்ப வரும். அந்தப் பணத்துல பாதியை பிசியோதெரபிஸ்ட்கிட்ட செலவு பண்ணி, வீட்ல செய்யற பயிற்சிகளைக் கத்துக்கிட்டா, கத்துக்கிட்டது உங்ககிட்டயே இருக்கும்.

கூடவே விக்கிற ஹாட் ஸ்டோன், கப்பிங், கால் ரிஃப்ளெக்ஸாலஜி விஷயத்திலயும் இதே கேள்விதான். பிடிச்சிருந்தா ஒரு தடவை எடுங்க. "உடம்புல இருக்கற டாக்ஸின் எல்லாம் வெளியே வந்துடும்"னு சொன்னா மட்டும் எழுந்து வந்துடுங்க. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமே வாங்காம பண்ணிட்டிருக்கு.

அப்போ என்னதான் பண்றது?

1. காலுக்கு இறங்கற வலி, மரத்துப்போறது, காய்ச்சலோட வலி, ஒரு கால் மட்டும் வீங்கறது இருந்தா மசாஜ் வேணாம், முதல்ல டாக்டர். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போச்சுன்னா அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போங்க. கர்ப்பமா இருக்கறவங்களும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் போகணும்.

2. பாரம்பரிய சிகிச்சை வேணும்னா அரசு இடங்களைப் பாருங்க. சென்னையில தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவமனை இருக்கு. அரும்பாக்கத்துல அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. டாக்டர் பார்த்துட்டு தொக்கணம், வர்மம் தேவையான்னு அவரே சொல்லட்டும்.

3. ஓய்வுக்குத்தான் போறீங்கன்னா சந்தோஷமா போங்க. சினிமா, ஹோட்டல் செலவு வர்ற அதே பட்ஜெட்ல எழுதுங்க. ஒவ்வொரு தடவையும் தனித்தனியா காசு கொடுங்க, பில் வாங்குங்க.

4. ஏற்கெனவே பேக்கேஜ் வாங்கிட்டீங்கன்னா, வேலிடிட்டி, ரீஃபண்ட் விதிகளை இன்னைக்கே எழுத்துல கேளுங்க. சொன்ன சேவையைக் கொடுக்காம பணத்தையும் திருப்பித் தரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க.

ரிசப்ஷன்ல "இன்னைக்கு மட்டும்தான் இந்த ஆஃபர்"னு சொன்னா, "நாளைக்குச் சொல்றேன்"னு சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க. வலி மூணு நாள் கழிச்சு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. உங்க ஊர்ல பேக்கேஜ் விலை எவ்வளவு சொல்றாங்க, ரீஃபண்ட் கேட்டவங்களுக்கு என்ன பதில் கிடைச்சுதுன்னு எழுதுங்க. அடுத்த வீடியோவுல அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துடலாம்.