ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பீரோவை நகர்த்தியிருப்பீர்கள். முதலில் எவ்வளவு தள்ளினாலும் அசையாது. நகரத் தொடங்கிவிட்டாலோ, அதைவிடக் குறைந்த விசையே போதும். ஓய்வில் இருக்கும் பொருளின் எல்லை உராய்வு, நகரும் பொருளின் இயக்க உராய்வைவிடப் பொதுவாக அதிகம் என்பது உங்கள் பாடத்திலேயே உண்டு.

இதைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். ஆனால் மனித மனத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம் என்று எனக்குக் கற்பித்தவன் ஒரு மாணவன்.

மின்சுற்று என்றால் அவனுக்கு உயிர். இரண்டாம் ஆண்டில் ஆய்வகத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டான். வந்தாலும் குறிப்பேட்டைத் திறக்கமாட்டான். "ஆர்வம் இருந்தால் படிப்பு தானாக வரும், தம்பி; உனக்கு அது இல்லை" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவனுக்கு மனச்சோர்வு நோய் என்பதைப் பிறகு அவன் தாயார் சொல்லித்தான் அறிந்தேன். நோயின் அறிகுறியையே நான் குற்றமாக்கியிருந்தேன்!

மதிப்பெண் குறைந்தால் இரண்டு நாள் வருந்துகிறோமே, அது நோயன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் மனம் வாடியிருத்தல், முன்பு பிடித்தவை கசந்துபோதல், தூக்கமும் பசியும் மாறுதல், கவனம் நிலைக்காமை ஆகியவை சேர்ந்து வந்தால் மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். இளம் வயதினரிடம் அது எரிச்சலாகவும் வெளிப்படும். இது சோம்பலும் அன்று, கோழைத்தனமும் அன்று. தைராய்டு சுரப்பி சரியாகச் சுரக்காவிட்டாலும் இத்தகைய அறிகுறிகள் தோன்றலாம். மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

இந்நோயில் இருப்பவர், "ஆர்வம் வரட்டும், பிறகு தொடங்குகிறேன்" என்று காத்திருப்பார். அந்த ஆர்வத்தைத்தான் நோய் முதலில் பறிக்கிறது. செயல் குறையக் குறைய மகிழ்ச்சி தரும் அனுபவங்களும் குறைகின்றன. சோர்வு மேலும் கூடுகிறது. இந்தச் சுழற்சியை 1970-களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூவின்சன் விளக்கினார். ஆர்வத்துக்குக் காத்திராமல் சிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்யவைப்பது ஒரு சிகிச்சை முறையாயிற்று. 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், எண்ணங்களைத் திருத்தும் பயிற்சியும் சேர்ந்த முழுச் சிகிச்சைக்கு நிகராக இந்தப் பகுதி மட்டுமே பலன் தந்தது. பலருக்கு முதலில் செயல், பின்னரே ஆர்வம்!

எப்படித் தொடங்குவது? பொருளின் எடை கூடினால் உராய்வும் கூடும். அதனால்தான் பீரோவிலுள்ள சாமான்களை இறக்கிவிட்டுத் தள்ளுகிறோம். அதுபோல, "இன்று ஒரு பாடத்தை முடிப்பேன்" என்பதை இறக்கி வையுங்கள். ஒரு கணக்குக்குரிய படத்தை மட்டும் வரையுங்கள். மாலை 5 மணிக்குப் பத்து நிமிடம் நடப்பதென்று எழுதி வையுங்கள். மனத்தைக் கேட்காமல் கடிகாரத்தைக் கேளுங்கள். செயலுக்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறியுங்கள். பல நாள் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்த பின்பே முடிவுக்கு வாருங்கள்.

ஆனால் எந்த உவமைக்கும் எல்லை உண்டு. ஒருவராகவே தள்ள முடியாத பீரோவும் இருக்கிறதல்லவா? முயன்றும் முடியவில்லை என்றால் அது உங்கள் குற்றமன்று. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி மருத்துவரைப் பாருங்கள். பேச்சு வழிச் சிகிச்சையும், தேவையானால் மருந்தும் உண்டு. மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த மாணவன் சிகிச்சை பெற்று மறு ஆண்டு திரும்பி வந்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். முதல் நாள் ஒரே ஒரு மின்தடையை அளந்துவிட்டு, போதும் என்றான். போதும் என்று நானும் குறிப்பேட்டில் கையொப்பமிட்டேன். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு நண்பன் இருக்கலாம். அவனுக்கு அறிவுரை வேண்டாம். பீரோவின் மறுபக்கம் நீங்களும் ஒரு கை கொடுங்கள்.